பல் டாக்டரும் ஊதா மூலையும்

எங்கள் தெருப் பல் டாக்டரம்மா நட்சத்திரங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டு, மொட்டை மாடியில் கேமராவில் பிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார் என்று ஒரு பேச்சு அடிபட்டது. எங்கிருந்து கிளம்பியது என்று ஆளாளாகக் கேட்டுப் பின்னால் போனதில், அது டாக்டரம்மாவின் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டது. அவருடைய வீட்டுக்காரர் மறுக்கவில்லை. "அவ வரையறான்னு நான் சொல்லலைங்க. போட்டோவுல முதல்ல இருந்த கலர் அப்புறம் இல்லைன்னுதான் சொன்னேன். மிச்சத்தைத் தெருக்காரங்களே வரைஞ்சுக்கிட்டாங்க" என்றார்.

சரி, சம்பந்தப்பட்டவரையே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்ச நாளாகவே அதற்குத் தோதாக வலித்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவிடம் குறுக்கு விசாரணை நடக்காது. வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் வானத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். இத்தனை வருஷத்தில் அவர் கருத்தை மறுத்துப் பேசிய நோயாளி ஒருவரும் இல்லை. கட்டுப்பல்லுக்கு நிறம் பார்ப்பதென்றால் ஆளை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய், மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பல்லோடு பல் வைத்துப் பார்ப்பார். "வெள்ளைன்னு பொதுவா சொல்லாதீங்க. எந்த வெள்ளைன்னு சொல்லுங்க" என்பார். வாயில் பஞ்சோடு இருப்பவர் என்னத்தைச் சொல்வார்?

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் எக்ஸ்ரே பார்க்கும் உள்ளறைக்குப் போய்விடுவார். அன்று நானும் பின்னாலேயே போனேன். கீழ்த்தாடைகள் தெரிய வேண்டிய திரையில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தெரிந்தது. அதன் ஒரு மூலை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. காரணம், எதிர் வரிசை ஜிம்மின் ஊதாப் பெயர்ப்பலகை. அதன் வெளிச்சம் வானத்தில் ஏறி, படத்தின் ஒரு மூலையில் அடர்ந்து, மறு மூலைவரை மெல்ல வடிகிறது. அதைக் கழிப்பதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. எதுவும் இல்லாத வெற்று வானமாகப் பார்த்து அங்கங்கே புள்ளி வைக்க வேண்டும். புள்ளிக்கடியில் இருப்பதெல்லாம் ஊரின் அழுக்கு வெளிச்சம் என்று நம்பி, மென்பொருள் அதைக் கணக்குப் போட்டு மொத்தப் படத்திலிருந்தும் கழித்துவிடும். டாக்டரம்மா ஒவ்வொரு புள்ளியையும் ஈறில் ஊசி போடுகிற முகத்தோடு வைத்தார். பட்டனை அழுத்தியதும் ஊதா போய், வானம் கறுத்தது. அவர் எதையும் வரையவில்லை. அழிக்கத்தான் செய்கிறார். சிக்கலே, ஒருமுறை அளவுக்கு மீறி அழித்துவிட்டதில்தான்.

போன மாதம் எவ்வளவு கழித்தாலும் ஒரு மூலையில் மட்டும் சாம்பல் பூத்தாற்போல ஏதோ மிஞ்சிக்கொண்டே இருந்ததாம். அதன்மேலும் நாலு புள்ளி வைத்துத் துடைத்து, வானியல் மன்றத்தின் கண்காட்சிக்கு அனுப்பினார். படம் தேர்வாகிச் சட்டமும் போட்டாகிவிட்டது. ஜிம்காரர் மேல் கோபம் மட்டும் அடங்கவில்லை. பலகையை ஒரு வாரம் அணைத்து வையுங்கள் என்று நேரே போய்க் கேட்டார். அணைக்கிறேன், பதிலுக்கு நீங்கள் ஒரு மாசம் ஜிம்முக்கு வரவேண்டும் என்றார் ஜிம்காரர். பல் டாக்டரே வந்தால் தெருவே பின்னால் வரும் என்பது அவர் எண்ணம்.

டாக்டரம்மா சரி என்றார், பலகை அணைந்தது. புதுப் படத்தில் ஊதா இல்லை. சாம்பல் மட்டும் அதே மூலையில் அசையாமல் இருந்தது. டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் தெருவைக் கடந்து போய், வாக்குக் கொடுத்துவிட்டுத் திருட்டுத்தனமாக விளக்குப் போட்டதாகச் சண்டை பிடித்தார். ஜிம்காரர் அவரைப் பலகையின் பின்னால் கூட்டிப்போய், பிடுங்கிப் போட்டிருந்த ஒயரை எடுத்துக் கையில் கொடுத்தார். "இதுக்கு மேல அணைக்கணும்னா உடைக்கத்தான் வேணும் டாக்டர்."

திரும்பி வந்து, அந்த வாரத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். நட்சத்திரக் கூட்டம் கிழக்கே இருக்கும்போது எடுத்தவை ஒரு பக்கம், மேற்கே சாய்ந்த பின் எடுத்தவை ஒரு பக்கம். ஊர் வெளிச்சமாக இருந்தால் மூலை மாறியிருக்க வேண்டும். சாம்பலோ அதே நட்சத்திரங்களை ஒட்டிக்கொண்டே கிடந்தது. அது வானத்திலேயே மிதக்கிற தூசு. நட்சத்திர ஒளி பட்டு மங்கலாகத் தெரிவது. அனுபவசாலிகளே தவம் கிடந்து பிடிப்பது. அதன் தலைமேல் புள்ளி வைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறார்.

"சொத்தைன்னு நினைச்சு நல்ல பல்லைத் தோண்டிட்டேங்க" என்றார். அப்போது அவர் கையிலிருந்த கருவி என் கடைவாயில் சுற்றிக்கொண்டிருந்தது. எது சொத்தை என்று இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமென்றால், வாய் நிறையப் பஞ்சு.

படம் அழகாகத்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று மன்றச் செயலாளர் போனில் சமாதானம் சொல்லிப் பார்த்தாராம். "பேஷன்ட்டுக்குத் தெரியாதுன்னு தப்பான பல்லைப் பிடுங்கிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அதைக் கழட்டி வைங்க. சனிக்கிழமைக்குள்ள வேற தர்றேன். வரலைன்னா சுவர் காலியா இருக்கட்டும்."

ஒரு வாரத்துப் படங்கள் மட்டும் போதாது. பல மாதமாகச் சேர்த்த பழைய படங்களையும் எடுத்து, ஊதாவை மட்டும் கழித்து, தூசை மீட்க வேண்டும். புள்ளி வைத்தார், கழித்தார், உதட்டைப் பிதுக்கினார், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். தூசின் பக்கம் ஒரு புள்ளியும் போகவில்லை. சாப்பாட்டுப் பையோடு வந்து நின்ற வீட்டுக்காரர், எல்லாம் கறுப்பாகத்தானே இருக்கிறது என்றார்.

"எந்தக் கறுப்பு?" என்று கேட்டார் டாக்டரம்மா, திரும்பாமலே. வீட்டுக்காரர் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் படம் மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மூலையில், இருக்கிறதா இல்லையா என்று கேட்கும்படி ஒரு புகை. அனுப்பிய கையோடு டாக்டரம்மா ஜன்னலைத் திறந்தார். எதிரே ஜிம்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பலகைக்கு ஒயர் பழையபடி மாட்டியாகிவிட்டது. டாக்டரம்மாவின் ஒரு மாசம் இன்னும் ஆரம்பிக்கவேயில்லை. சண்டை போட்டதற்கு மன்னிப்பும் கேட்டபாடில்லை. ஜிம்காரர் அவரைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றார்.

டாக்டரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டி நொறுங்குகிற சத்தத்தோடு ஒரு தரம் உட்கார்ந்து எழுந்து, ஒரு விரலைக் காட்டினார். ஜிம்காரர் கம்பியைக் காட்டி, செல்லாது என்று தலையை ஆட்டினார்.

டாக்டரம்மா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது தரம் உட்கார்ந்தார்.