பூதத்துக்கு ஒரு மேல் ஸா

என் மகன் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எந்த ஊரிலோ இருக்கும் எவனோடோ சேர்ந்து யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறான். வாய்க்கு முன்னால் ஒரு குட்டி மைக். அதில் அவன் போடுகிற கூச்சலில் எனக்குத் தலை வலிக்கிறது. நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வருகிறவளுக்கு, மெதுவாகப் பேசடா என்று சொல்லக்கூடத் தொண்டையில் தெம்பு இருப்பதில்லை. போகட்டும். மைக்கில் கத்தி விளையாடுவது ஒன்றும் இவன் தலைமுறை கண்டுபிடித்ததல்ல. தொண்ணூறுகளிலேயே மயிலாப்பூரில் நானும் அண்ணாவும் அதைச் செய்து பார்த்துவிட்டோம்.

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வாங்கி வந்தது மாமா, அம்மாவின் தம்பி. மருந்துக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர், சென்னையில் இருக்கிற நாளெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சிங்கப்பூரிலிருந்து சிநேகிதன் கொண்டுவந்த சாமான் என்றார். அதே அட்டைப் பெட்டி பாரிமுனை நடைபாதையில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்ததை அண்ணா பிற்பாடு பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதனால் என்ன, எங்களுக்கு அது சிங்கப்பூர்தான்.

அதில் இரண்டு ஜாய்ஸ்டிக். இரண்டாவதின் மேல் பொடிப் பொடியாக ஓட்டைகள் போட்டு, பக்கத்தில் ஒரு மைக் படமும் அச்சடித்திருந்தது. அண்ணாவின் வகுப்பில் ஆழ்வார்பேட்டைப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா நிஜமாகவே ஜப்பான் போய், அங்கிருந்தே இந்த மிஷினை வாங்கி வந்தவர். அந்தப் பையன் ஒரு விளையாட்டுக் கேசட்டை இரவல் தந்து, ரகசியத்தையும் சொல்லிக்கொடுத்தான். குகைக்குள் போனால் பெரிய காது வைத்த பூதங்கள் குதித்து வரும். கத்தியால் வெட்டினாலும் சாகாது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் வாயை வைத்துக் கத்தினால் போதும், அத்தனையும் சுருண்டு விழும். அவன் வீட்டில் விழுந்ததாம்.

எங்கள் வீட்டில் விழவில்லை. நான் கத்தினேன், அண்ணா கத்தினான், மாமா கத்தினார். பூதங்கள் எங்களைச் சட்டை செய்யாமல் குதித்துக்கொண்டிருந்தன. வேறு எந்த வீட்டிலாவது இருந்திருந்தால் மிஷின் பழுது என்று முடிவு கட்டியிருப்பார்கள். அம்மா பாட்டு டீச்சர். அடுத்த வீட்டுக் குக்கர் எந்த ஸ்வரத்தில் விசில் அடிக்கிறது என்று சாப்பிடும்போது பேசிக்கொள்கிற குடும்பம் நாங்கள். ஆகவே அண்ணா ரொம்ப யோசித்து, நாம் ஸ்ருதியில்லாமல் கத்துகிறோம், அதனால்தான் பூதம் சாகவில்லை என்று கண்டுபிடித்தான். நானும் நம்பினேன். மாமா நம்பினாரா, எங்களோடு விளையாடினாரா, தெரியாது.

அந்த வருஷம் அம்மாவுக்கு மார்கழி சீசனில் ஒரு கச்சேரி கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பாடியவள், அதற்கப்புறம் மேடை ஏறவே இல்லை. கிடைத்ததும் மத்தியான வேளைதான், கேன்டீனுக்குப் போகிற வழியில் நாலு பேர் எட்டிப் பார்க்கிற நேரம். ஆனாலும் சபா செக்ரட்டரி வந்து சொல்லிவிட்டுப் போன அன்று அம்மா அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அப்பா பேங்க் வேலையில் மாற்றலாகி வெளியூரில் இருந்தார். சமையல், ரேஷன், எங்கள் படிப்பு, சாயங்காலமானால் வரிசையாக வருகிற மாணவிகள், எல்லாம் அம்மா தலையில்தான். எல்லாம் முடிந்தபின் மிளகு தட்டிப்போட்ட பாலைக் குடித்துவிட்டுச் சாதகம் செய்ய உட்காருவாள். வகுப்பில் பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தால் கையால் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டு, நீ பாடு என்று மாணவியிடம் விட்டுவிடுவாள். அதுதான் பாட்டு சொல்லிக்கொடுக்கிற முறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் கடைசி மாணவியும் போனதும் நாங்கள் மூன்று பேருமாக அம்மாவைப் பிடித்துக்கொண்டோம். முதலில் மாட்டேன் என்றாள். இதென்ன கூத்து, நாளெல்லாம் கத்திண்டுதானே இருக்கேன் என்று அலுத்துக்கொண்டாள். ஒரே ஒரு மேல் ஸா பிடி அக்கா, பூதம் செத்துடும், கொழந்தைகள் படிக்கப் போயிடுவா என்று மாமா தாஜா பண்ணினார். அம்மா சிரித்துவிட்டாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கச்சேரிக்கு உட்காருவது போலவே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். டிவியில் ஓடிய இசையைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். அதற்குத் தக்கபடி ஸ்ருதிப் பெட்டியைத் திருகி வைத்தாள். பூதத்தோடுகூட ஸ்ருதி சேர்ந்துதான் பாடுவாள் எங்கள் அம்மா.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கீழே ஆரம்பித்துப் படிப்படியாக ஏறினாள். வீடே நிறைந்தது போல இருந்தது. மேல் ஸாவைத் தொட்டதும் குரல் ஒரு கணம் நின்றது, பிறகு பிசிறடித்தது. அம்மா கண்ணைத் திறக்காமல் மறுபடி பிடித்தாள். இந்த முறை வெறும் காற்றுதான் வந்தது. அண்ணா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அம்மா இன்னொரு தரம் முயன்றாள். பிறகு ஜாய்ஸ்டிக்கை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"நாழியாச்சு. தோசை வாக்கணும்" என்று எழுந்துபோனாள்.

அன்றிலிருந்து சாதகம் நின்றுபோயிற்று. வகுப்பு மட்டும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா புடவை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். செக்ரட்டரியிடம் வேறு யாரையாவது பாட வைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மாமாவுக்கு எதையாவது செய்யவேண்டும் போல இருந்ததோ என்னவோ, ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கழற்ற ஆரம்பித்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. பொத்தான்களுக்குப் போகிற ஒயர்கள் இருந்தன. ஓட்டைகளுக்குப் பின்னால் மைக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பார்ப்பவர் ஏமாற ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பூதம் சாகாததற்கு அம்மா காரணமே இல்லை. இது தெரிந்தால் அம்மா கச்சேரி பண்ணுவாள். மேல் மூடியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"வேண்டாம்டி. அவகிட்டப் போய்ச் சொல்லிண்டு நிக்காதே" என்றார் மாமா.

தன் சிங்கப்பூர் சரக்கின் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். நான் நிற்கவில்லை. மாட வீதியில் பூக்கடை, காய்கறிக்கடைக் கூட்டத்தில் புகுந்து, நாலு பேரிடம் திட்டு வாங்கி, செக்ரட்டரி வீட்டு கேட்டில் அம்மா கை வைக்கும்போது போய்ப் பிடித்துவிட்டேன். மூச்சு வாங்க மூடியை நீட்டினேன்.

"இதுல மைக்கே இல்லம்மா. வெறும் ஓட்டை. மாமாவே கழட்டிப் பாத்துட்டார். உன் மேல தப்பே இல்ல."

அம்மா மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை. என் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"மைக் இல்லாட்டா என்னடி கண்ணு. எனக்குக் காது இருக்கே."

என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சீக்கிரமே திரும்பி வந்தாள். செக்ரட்டரி படி வரைக்கும் வந்து, சரிம்மா சரிம்மா என்று தலையாட்டினார். அம்மா சிரித்தாயிற்று, அவரும் சரி என்றாயிற்று, அப்புறம் கேட்க என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். கச்சேரிக்கு எந்தப் புடவை கட்டிக்கப்போறே, மயில்கழுத்தா அரக்கா என்று வீடு வரைக்கும் நச்சரித்துக்கொண்டே வந்தேன். அம்மா என் கையை விடாமல் நடந்தாள். அரக்குதான் நன்னாயிருக்கும் என்றாள்.