கொலோன் பாலத்துப் பூட்டும் என் இடுப்புச் சாவியும்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஏற்காட்டு மலையில், தலைச்சோலையில் கூலி வேலையில் தொடங்கி எட்டு ஏக்கர் காப்பித் தோட்டம் சேர்த்தேன். எங்கள் ஊரில் என் வயசுக்காரர்களில் முதன்முதலாக விமானம் ஏறியவனும் நான்தான். தோட்டம் சேர்த்த கதையைச் சொல்லும்போதெல்லாம் என் சம்சாரம் சின்னத்தாயி, "தோட்டத்துக்குக் குழி வெட்டுனது யாருங்க?" என்று கேட்டுச் சிரிப்பாள். வெட்டியவள் அவள்தான். மலையை விட்டு இறங்காதவள். பெரிய ஆறு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு ஆசை.

2012 டிசம்பரில், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் பொன்னுவேல் இருவருக்கும் டிக்கெட் அனுப்பினான். களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. கூலியாட்களை நம்பி விட எனக்கு மனமில்லை. அவளைக் காவல் வைத்துவிட்டு நான் மட்டும் கிளம்பினேன்.

அவன் இருந்தது கொலோன் நகரம். ரைன் ஆறு, நம் ஏற்காட்டு ஏரியைப் போலப் பத்து ஏரிகளை அவிழ்த்து ஓடவிட்டது போல இருந்தது. சரக்குப் படகு ஒன்றின் மேல் கார் நின்றது. படகிலேயே இருந்த வீட்டின் சன்னலுக்குள் ஓர் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பாலத்துக் கம்பி முழுக்கப் பூட்டுகள்.

"எதுக்கு கண்ணு இத்தனை பூட்டு? திருட்டுப் பயமா?"

"புருசன் பொண்டாட்டி பேரெழுதிப் பூட்டிட்டு, சாவியை ஆத்துல வீசிருவாங்கப்பா."

"கிறுக்குப் பசங்க" என்றபடி இடுப்பைத் தொட்டேன். குடோன் சாவி அங்கேயே தொங்கியது. அதை நான் யாரிடமும் கொடுத்ததில்லை, அவளிடமும்தான்.

அன்றைக்கே போன் வந்தது.

"ஏனுங்க, தூத்தல் போடுது. குடோன் பூட்டை ஒடைக்கச் சொல்லட்டுங்களா?"

"ஒடைச்சுருவானுங்களா? நான் பாத்து வாங்குன பூட்டு புள்ள அது! ஊட்டுக்குள்ள அள்ளிப் போடு."

"நொம்பக் கெடக்குதுங்க, ஊடு பத்தாதுங்க." சற்று நிறுத்திக் கேட்டாள். "ஆறு எப்படிங்க இருக்குது?"

"நேர்ல வந்து சொல்றேன்."

மழைக்கு ஆள் யாரும் வரவில்லையாம். இரண்டு நாள் நனைந்தபடி தனியாகச் சுமந்திருக்கிறாள். பிறகு காய்ச்சல். ஐந்தாம் நாள் ஒரு போனைக் கேட்ட பொன்னுவேல், என் துணிகளை மடிக்கத் தொடங்கினான்.

நான் வந்தபோது அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். வீட்டுக்குள் இடமில்லை. அடுப்படி, கட்டிலடி, அவள் பாய் விரிக்கும் மூலை, எல்லா இடத்திலும் காப்பியைப் பரப்பியிருந்தாள். ஒரு கொட்டைகூடப் பூசணம் பிடிக்கவில்லை.

குனிந்து, அந்தப் படகைப் பற்றியும் பாத்திரம் கழுவிய அம்மாவைப் பற்றியும் அவள் காதில் சொன்னேன்.

அடக்கம் முடிந்து வந்து கோடாலியை எடுத்தேன். நான்கே அடியில் குடோன் பூட்டு விழுந்துவிட்டது.