காரில் மாட்டிய கறுப்புப் பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் மெட்ராஸுக்கு என் அம்பாசடரில்தான் போய்வருவார். ஒருநாள் சிகரெட் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார். வேகத்தை அளக்கும் கருவியோடு போலீஸ் முன்னால் நின்றால், அது கீச்சென்று கத்திக் காட்டிக்கொடுக்குமாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டி, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நாலு மாதம் ஓட்டியும் அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அந்த தைரியத்தில் இன்னும் அழுத்தி மிதித்தேன்.

தீபத்துக்கு முந்தின வாரம், ஊர் எல்லையில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் என்னை நிறுத்தினார்.

"இன்னாய்யா இது?"

வெள்ளைக்காரர் கொடுத்தது என்று பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"லைசென்ஸ் எடு."

டிரைவிங் லைசென்ஸை நீட்டினேன்.

"இது வண்டி ஓட்ட. பொட்டிக்கு எங்க? ஒயர்லெஸ் சாமான லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா உள்ள போயிடுவ. யாருக்குச் சேதி அனுப்புற?"

வேகமாகப் போனால் அபராதம் என்று தெரியும். பெட்டி வைத்திருந்தாலே ஜெயிலா?

"சேதியெல்லாம் இல்ல சார். அது கத்த மட்டும்தான் செய்யும்."

"எங்க, கத்தச் சொல்லு."

பெட்டியைத் தட்டினேன். திருகினேன். சத்தமே இல்லை.

மத்தியானம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சேதி தெரிந்து ஜெர்மன்காரர் ஓடி வந்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார்.

"கேட்டியா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அவங்க ஊர்லயே இது கூடாதாம். பாத்தா புடுங்கிப்பாங்களாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெயில் என்று கேட்டபோதுகூட அப்படி ஆகவில்லை.

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல?" என்று ஜெர்மன்காரரைக் கேட்டேன்.

"இங்க யாருக்கும் தெரியாது நினைச்சேன்," என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

நானாகவே பெட்டியை ஒப்படைத்ததாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வழக்குப் போடாமல் அனுப்பினார் சப்-இன்ஸ்பெக்டர். "ஸ்பீடு அளக்குற மெஷின நானே இன்னும் கண்ணால பாத்ததில்லய்யா," என்றார்.

வீடுவரை இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன். அடுத்த வாரம் மெட்ராஸ் போக ஜெர்மன்காரர் ஸ்டாண்டுக்கு வந்தார். பின்னால் நின்ற வண்டியைக் கைகாட்டினேன்.