ஓடைக்குக் குறுக்கே போட்ட கரை

ஊருக்கெல்லாம் கல் அறுத்தவள் ராயம்மாள். செஞ்சியில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவள் கைபட்ட செங்கல் இருக்கிறது. அவளும் புருஷன் செபாஸ்தியானும் மட்டும் தார்ப்பாய்க் கொட்டகையில் இருந்தார்கள். பழைய மண்சுவர் போன வருஷ மழையில் விழுந்துவிட்டது.

இந்த வருஷம் தனக்காகக் கல் அறுத்தாள். மலையடிவாரத்தில் ஓடையோரம் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம். மண் மிதிக்கத் தண்ணீர் வேண்டுமே! வறண்ட ஓடைக்குக் குறுக்கே கரை போட்டாள். எப்போதோ பெய்த தூறல் அதில் குட்டையாக நின்றது. அதை வைத்தே ஒரு வீட்டுக்கான கல்லை அறுத்து, காயவைத்து, அடுக்கிவிட்டாள். சூளை மூட்டுவதுதான் பாக்கி.

அன்று மதியம் மேற்கே மலைமேல் இடி உருண்டது.

"கரைய வெட்டி வுட்டுடலாம்டி. மலைல பேயுது," என்றான் செபாஸ்தியான்.

"அப்புறம் சூளைக்குச் சேத்துப் பூச்சு பூச உன் எச்சியத் துப்புவியா? இங்க வெயிலு பல்லக் காட்டுது. நீ இன்னா நோவாவா? போய் பேழ செய்யி, போ."

அவன் சிரித்துவிட்டு மண்வெட்டியைக் கீழே போட்டான்.

இருந்தாலும் இடிச் சத்தம் கேட்டால் கல் அறுப்பவர்களின் கை சும்மா இருக்காது. கொட்டகைத் தார்ப்பாயை அவிழ்த்து வந்து சுடாத பச்சைக்கல் அடுக்கின்மேல் போர்த்தினாள். மழை மேலிருந்துதானே வரும்!

தண்ணீர் தரையோடு வந்தது. மொட்டைப் பாறைகளில் வழிந்து, லாரி வருவதுபோல் இரைந்துகொண்டு வந்தது. கரையில் முட்டியது. வழியில்லாமல் அவள் நிலத்துப் பக்கம் திரும்பியது. கல் அடுக்கின் அடி வரிசை கரைய, மேல் வரிசைகள் அப்படியே உட்கார்ந்தன.

மண்வெட்டியோடு கரைக்கு ஓடியவளைச் செபாஸ்தியான் இடுப்போடு பிடித்துப் பாறைமேல் இழுத்தான்.

"வுடுய்யா! வெட்டிட்டு வந்துடறேன்!"

"கல்லு போனாப் போவுது, நீ வாடி!"

பொழுது சாயும்முன் வெள்ளம் வடிந்துவிட்டது. கரை அப்படியே நின்றது. ஒரு கல்கூட மிஞ்சவில்லை. செபாஸ்தியான் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மண்ணு இங்கதான கெடக்குது. மறுக்கா அறுக்கலாம்," என்றான்.

ராயம்மாள் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. நல்ல மண்ணை வெள்ளம் கொண்டுபோய், மலை மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அதில் கல் பிடிக்காது.

மண்வெட்டியை எடுத்துப்போய்க் கரையை வெட்டினாள். தேங்கிக் கிடந்த கலங்கல் தண்ணீர் ஓடை வழியே போயிற்று.