முள் நூறில் நின்றபோது

என் கணவரின் இடக்கை செயலிழந்ததற்கு நான்தான் காரணம். அவருடைய அவசரம் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். அப்படிச் சொன்னவரும் அவரேதான்!

அன்ரன் துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் திருத்துபவர். கொட்டாஞ்சேனையில் நண்பரின் கராஜில் மூன்று வருடமாகத் தம் கையாலேயே ஜைரோகொப்டர் என்ற சின்னப் பறக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார். ஒருவர் மட்டும் அமரலாம்; தலைக்கு மேலே நீண்ட சுழலிறக்கை. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளட்டுக்குத் திரும்பும்போது உடம்பெல்லாம் கிரீஸ் மணக்கும், முகம் மலர்ந்திருக்கும். அந்த முகத்தை நேசித்தேன். அந்த இயந்திரத்தை வெறுத்தேன். ஒருநாள் அவரை மேலே கொண்டுபோய்த் திருப்பித் தராமல் விட்டால்...?

புத்தளம் பக்கம் ஒரு தோட்டத்தின் தார்ப்பாதையில் சோதனை. அன்று தரையில் ஓட்டம் மட்டும். அடுத்த வாரம் பறப்பதாக இருந்தார். இறக்கையின் வேகம் காட்டும் கைமீட்டரையும் ஒரு பச்சைத் துணியையும் என்னிடம் தந்தார்.

"முள்ளு இருநூறுக்கு வந்தாப் பிறகுதான் துணியைத் தூக்கும். முந்தி ஓடினா இறக்கை வாலில அடிச்சு மெஷின் உடைஞ்சுபோம். விளங்குதோ?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது!

முள் நூறில் நின்றது. துணியை உயர்த்தினேன்.

உடையட்டும் என்று நினைத்தேன்... இயந்திரம் மட்டும்! அதற்குள் அவர் இருந்தாரே, அதை எப்படி நினையாமல் போனேன்?

என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓட்டினார். இறக்கை தடதடத்து வாலை வெட்டியது. வண்டி இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. அலறிக்கொண்டு ஓடினேன். கை நசுங்கிக் கிடந்தவர் கேட்ட முதல் கேள்வி: "உமக்கு ஒண்டும் படேல்லையே?"

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம், "அவ துணி தூக்க முந்தியே நான் ஓடிட்டன்" என்றார். நான் மீட்டரைப் பிழையாக வாசித்துவிட்டேன் என்று எண்ணி, என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார்.

இரண்டு வருடமாகிறது. உங்களிடம் சொல்ல முடிந்தது, அவரிடம் முடியவில்லையே... ஏன்?

போன ஞாயிறு, பூசைக்குப் போக அவருக்குச் சேர்ட் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பொத்தானை இரண்டு தரம் பிழையான துளையில் மாட்டியதைக் கண்டுவிட்டார்.

"இன்னும் அதையே யோசிக்கிறீரோ? மீட்டர் வாசிக்கேக்க ஆருக்கும் பிழை வரும். விடும், நிர்மலா."

"ஓம்" என்றேன். அடுத்த பொத்தானைப் பூட்டினேன்.