பெட்ரோல் டியூபும் அண்ணாச்சியின் மீசையும்

1. தூக்கிப் பார்த்தால் சரியாக இருக்கும்

பழைய ஸ்கூட்டரில் பெட்ரோல் டேங்கைக் கழற்ற கால் மணி நேரம் போதும். அதைத் திரும்ப மாட்ட எங்கள் பட்டறையில் ஒருமுறை மூன்று நாள் ஆனது. இப்போது பழைய ஸ்கூட்டரைத் தேடிப்பிடித்து, பெயின்ட் அடித்து ஓட்டும் ஆசை பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். தப்பிருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

திரேஸ்புரம் பக்கம் தங்கராஜ் அண்ணாச்சியின் ஸ்கூட்டர் பட்டறையில் டேங்க் கழுவுவது என் வேலை. எங்கள் ஊர் உப்புக்காற்றில் டேங்க் உள்ளே சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரு கை பழைய நட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டு, கை ஓயும்வரை குலுக்கினால் துரு உதிரும். அண்ணாச்சி நின்று வேலை பார்ப்பார். நான் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து குலுக்குவேன். யார் வந்தாலும் பேச மாட்டேன். என் சுபாவம் அப்படி.

காயல்பட்டினம் காசிம் காக்கா துபாயில் வேலை பார்ப்பவர். லீவுக்கு வந்தவர், தன் வாப்பா ஓட்டிய ஸ்கூட்டரைச் சரிபார்க்க எங்களிடம் விட்டார். நான் டேங்கைக் கழுவிக் கொடுத்தேன். அண்ணாச்சி மாட்டினார். பட்டறைக்குள் வண்டி அருமையாக உறுமியது. காசிம் காக்கா ஓட்டிக்கொண்டு போனார். வழியில் முத்தையாபுரம் போவதற்குள் நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்து உதைத்தால் கிளம்புமாம். கொஞ்சத் தூரத்தில் மறுபடி நிற்குமாம்.

அண்ணாச்சி டேங்கின் போல்ட்டைக் கழற்றித் தூக்கி, டேங்கிலிருந்து கார்பரேட்டருக்குப் பெட்ரோல் போகும் டியூபை உருவிப் பார்த்தார். பெட்ரோல் கொட்டியது.

"பெட்ரோல் ஆறாட்டம் ஓடுது, பிறவு இதுக்கு என்ன கேடு? முத்துக்கனி, டேங்க ஒழுங்கா கழுவுனியாளா?"

எனக்குச் சுருக்கென்றது. தலையை மட்டும் ஆட்டினேன்.

டியூப் பத்தாமல் இழுக்கிறதோ என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம். "தாராளமா இருக்கட்டும்" என்று இன்னும் நீளமான டியூபைப் போட்டார். மறுநாள் வண்டி பக்கத்திலிருக்கும் பழைய துறைமுகத்தைக்கூடத் தாண்டவில்லை. லோடு ஆட்டோவில் ஏறி வந்தது.

2. பந்தயம்

காசிம் காக்காவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வரும்.

"அண்ணாச்சி, ஒங்க மீசைக்குத் தடவுத எண்ணெயில பாதிய இதுக்கு ஊத்தியிருந்தா இந்நேரம் துபாய்க்கே போயிருக்கும்."

அண்ணாச்சியின் மீசையை நீங்கள் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் ஹேண்டில்பார் மாதிரி நிற்கும். அதைச் சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"காசிமு, நாளைக்கு என் கையாலேயே எல்லாத்தையும் மாட்டிப் பூட்டித் தாரேன். காயல்பட்டினம் போறதுக்குள்ள ஒரு எடத்துல நின்னுட்டாலும் இந்த மீசைய எடுத்துருதேன். போதுமா?"

"யாரு சாட்சி?"

"எம் பொண்டாட்டியே சாட்சி."

பில் போட்டுக்கொண்டிருந்த மல்லிகா மதினி தலையை நிமிர்த்தினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் அண்ணாச்சி கார்பரேட்டரைக் கழுவினார், பிளக்கை மாற்றினார், கடைசியாக டேங்கை அதன் இடத்தில் இறக்கினார். நான் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். நிற்கிறவர்களுக்கு டேங்கின் மேல்பக்கம்தான் தெரியும். எனக்கு டியூப் வெளியே வரும் கார்பரேட்டர் பக்கத்து ஓட்டை நேராகத் தெரிந்தது. டேங்க் ஒரு சாண் கீழே இறங்கியது. அப்படியென்றால் டியூபும் ஓட்டை வழியாக ஒரு சாண் வெளியே வர வேண்டும். ஒரு விரற்கடைகூட வரவில்லை.

அந்த ஒரு சாண் எங்கே போனது? டேங்குக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. மடிப்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக வரும் பெட்ரோல், வண்டி சும்மா நின்று உறுமப் போதும். ரோட்டில் வேகம் எடுத்தால் பத்தாது. பார்ப்பதற்காக டேங்கைத் தூக்கினால் மடிப்பு நிமிர்ந்துகொள்ளும், பெட்ரோல் கொட்டும். நாம் பார்க்கும்போதெல்லாம் ஒளிந்துகொள்ளுகிற கோளாறு.

சொல்லியிருக்கலாம். ஆனால் இதைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் பாவாடைக்கு நாடா கோர்ப்பது. ஒரு கை துணியைத் தள்ளும்போது இன்னொரு கை நாடாவை இழுத்துக்கொண்டே வர வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே சுருண்டுவிடும். அதை ஆம்பிளைகள் முன்னால் எப்படிச் சொல்வது?

3. சாப்பாட்டு நேரம்

அண்ணாச்சி சாப்பிடப் போனதும் மதினியிடம் நாடா கதையோடு மெதுவாகச் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"ஏளா, சும்மா இரி! முப்பத்தஞ்சு வருசமா அந்த மீச ரசத்துல முங்கி முங்கி வருதத பாத்துக்கிட்டிருக்கேன். சாமியா பாத்து ஒரு வழி காட்டியிருக்கு. நீ கெடுத்துராத."

"காசிம் காக்கா வெயில்ல தள்ளுவாரே மதினி."

"தள்ளட்டும். துபாய்ல பாக்காத வெயிலா?"

"டேங்க் சரியா கழுவலன்னு என்னயத்தான் சொல்லுவாவ."

மதினி என்னைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகினாள். "என்ன செய்யணும், சொல்லித் தொல."

டேங்குக்கு அடியில் பெட்ரோல் திருகை மூடினோம். கார்பரேட்டர் பக்கம் கிளிப்பைத் தளர்த்தி டியூபைக் கழற்றினேன். போல்ட்டை எடுத்ததும் மதினி டேங்கை ஒரு சாண் தூக்கிப் பிடித்தாள். நான் டியூபின் நுனியில் சணல் கயிறு கட்டி, ஓட்டை வழியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப மெதுவா எறக்குங்க மதினி."

"எம் புருசன் மீசைய நானே காப்பாத்துதேனே, என் தலையெழுத்தப் பாரு!"

அவள் இறக்க இறக்க நான் இழுத்தேன். டேங்க் உட்கார்ந்தபோது ஒரு சாணுக்கு மேல் டியூப் என் கையில் இருந்தது. மிச்சத்தை வெட்டி, வண்டி அதிரும்போது இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் விட்டு, கிளிப் போட்டேன். அண்ணாச்சி ஏப்பம் விட்டுக்கொண்டு வரும்போது நான் இன்னொரு டேங்கைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

காசிம் காக்கா கிளம்பினார். அண்ணாச்சி ஒரு மணி நேரம் உட்காரவில்லை. போன் அடித்தது.

"அண்ணாச்சி, வீட்டுக்கு வந்துட்டேன். எங்கயும் நிக்கல. வாப்பாவ பின்னால ஏத்திக்கிட்டு கடக்கரைக்குப் போறேன். மீசைக்கு என் சலாம் சொல்லுங்க."

அண்ணாச்சி எல்லாருக்கும் டீ சொன்னார். மீசையை முறுக்கிக்கொண்டே நடந்தவர் குனிந்து எதையோ எடுத்தார். நான் வெட்டிப்போட்ட டியூப் துண்டு.

"இத யாரு வெட்டுனா?"

மதினி கூரையைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"முத்துக்கனி?"

"அது... டேங்க எறக்கும்போது... நாடா மாதிரி..."

"என்ன நாடா?"

"பாவாட நாடாங்கா! ஒங்க மீசைய ஒரு பாவாட நாடாதான் காப்பாத்துச்சு. போதுமா?" என்றாள் மதினி. அண்ணாச்சி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

4. கற்றுக்கொண்டது

மறுநாள் காலை பட்டறையைத் திறந்துகொண்டிருந்த ஆளை நான் யாரோ என்று நினைத்தேன். மூக்குக்குக் கீழே வெறிச்சென்று இருந்தது.

"வண்டிதான் நிக்கலயே அண்ணாச்சி?" எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"என் கையால பூட்டித் தாரேன்னு சொன்னேன். என் கை பூட்டுனது ஒன்னும் ஓடலயே. தோத்தது தோத்ததுதான். இனிம டேங்க் மாட்டுத வேல ஒன்னோடது. நான் எறக்குதேன், நீ இழு."

அன்றிலிருந்து அப்படித்தான். பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள். நிறுத்தி வைத்து உறுமவிட்டால் ஓடி, ரோட்டில் போகும்போது நின்றுவிடுகிற வண்டி என்றால், முதலில் டேங்குக்கு அடியில் டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். டேங்கைத் தூக்கிப் பார்த்தால் தெரியாது. ஒருவர் இறக்கும்போது இன்னொருவர் கீழே உட்கார்ந்து இழுக்க வேண்டும்.

இன்னொன்று, தெரிந்ததை உடனே சொல்லிவிட வேண்டும். நான் அன்றைக்கு வெட்கப்படாமல் வாயைத் திறந்திருந்தால், அண்ணாச்சி கையாலேயே வண்டி ஓடியிருக்கும்.

மதினிதான் பாவம். மீசை போன முகத்தை ஒரு வாரம் பார்த்ததும் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஏளா, அந்த மனுசன் மீச இல்லாம அப்படியே எங்க மாமியாதான். சோறு போடவே பயமா இருக்கு. சீக்கிரம் வளர ஒனக்கு ஏதாச்சும் வழி தெரியுமாளா?"

தெரிந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.