பக்கத்துக்காரன் விதைத்துவிட்டான்

புரட்டாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு மதுரையில் ரயிலேறி ஒன்பதுக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். மனிதர்கள் ஏன் கூட்டம் போகிற பக்கமே போகிறார்கள் என்று கல்லூரியில் பொருளாதாரப் பாடம் நடத்துகிறவன் நான். ஆனாலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையை விட்டுவிட்டு, பத்துப் பேர் மொய்த்த கடையில் காத்து நின்றுதான் அரைக்கிலோ கடலைமிட்டாய் வாங்கினேன். இரண்டு கடையிலும் விலை நூற்றிருபதுதான்.

அங்கிருந்து பசுவந்தனைக்கு இருபது கிலோமீட்டர்ச் சொச்சம், பேருந்தில். தீப்பெட்டி ஆபீஸ்கள் முடிந்ததும் இருபுறமும் உழுது போட்ட கரிசல். மாமனார் தன் நான்கு ஏக்கரை இரண்டு பெண்களுக்கும் பொதுவாகக் கொடுத்திருக்கிறார். பாடுபடுவது என் சகலை தேவராஜ். செலவும் விளைச்சலும் ஆளுக்குப் பாதி. மழைக்கு முன்பே உளுந்து விதைப்பதா, பொறுப்பதா என்று பேசத்தான் இந்தப் பயணம்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், தேவராஜைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். எட்டாவது படித்தவன். மாமனார் வீட்டில் மீன்குழம்பின் நடுத்துண்டு அவன் தட்டில்தான் விழும். என்னை மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு யோசனையெல்லாம் அவனிடம் கேட்பார்கள்.

பதினொரு மணிக்குப் புஞ்சையில் நின்றோம். வானத்தில் பொட்டு மேகமில்லை.

"பக்கத்துக்காரன் நேத்தே வெதைச்சிட்டான் அண்ணாச்சி. மழை பெஞ்சு அவன் காடு பச்சையா நிக்க, நம்ம காடு வெறுங்கரிசலா கெடந்தா என்னால பாக்க முடியாது" என்றான் தேவராஜ்.

"அதுக்காக விதையைப் புழுதியில போடுறதா? மழை தள்ளிப்போனா எறும்புதான் தின்னும். பத்து நாள் பொறு."

"மழை விழுந்த பொறவு இந்த மண்ணுல டிராக்டர் எறங்குமா? பொதைஞ்சுல்லா போவும்."

பின்னால் வந்த மாமனார் சொன்னார்: "தேவராஜ் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க வெயில்ல நிக்காதீங்க மாப்ள."

எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் டிராக்டர் இறங்கியது. என் பங்கு விதையும் அந்தப் புழுதிக்குள் போனது. சாப்பாட்டில் எனக்கு உப்பே உறைக்கவில்லை.

நான்கு மணிக்குப் பேருந்து வரவில்லை. கோவில்பட்டிக்கு நானூற்றைம்பது ரூபாய் பேசி ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் கிழக்கே பார்த்தார்.

"கறுத்துக்கிட்டு வருது. மழை எறங்கிரும்போல, சார்."

"வராது" என்றேன் வெடுக்கென்று.

"அப்படிச் சொல்லாதீங்க சார். எல்லாரும் வெதைச்சிட்டு ஆகாசத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்காவ."

அந்த மேகம் கடல்பக்கமே திரும்பிப் போய்விட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டிருந்தேன்.

ரயில் சாத்தூரைத் தாண்டும்போது மனைவி அழைத்தாள். "ஊர்ல நல்ல மழையாம்! தங்கச்சி இப்பதான் பேசினா. வெதை பொழைச்சிருச்சு!"

"சரி" என்றேன்.

"என்ன, சந்தோஷமே இல்லையா உங்களுக்கு?"

விளைவதில் பாதி நமக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மீதிப் பாதி அவனுக்கு என்பது மட்டும்தான் மனதில் நின்றது.